சோமசேகரன் வீட்டு விரிசலுக்கு வந்த மரியாதை

எதிர்வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் வீட்டு ஜன்னலை அந்தப் பக்கம் பார்த்து வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கட்டியவர் செய்த தப்புக்காக நான் கண்ணை மூடிக்கொண்டா உட்கார முடியும்? அதனால் சோமசேகரன் வீட்டு விரிசலை அது பிறந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். முதலில் முன்சுவரில் ஜன்னலுக்கு மேலே தலைமுடி அளவுக்குத்தான் இருந்தது. போன வருஷ ஐப்பசி மழையில் பின்கட்டு மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு விரிசல் வாசல்நிலை வரைக்கும் இறங்கியது. காக்கை போட்ட விதையில் அந்த இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்து, நாலு இலை விட்டுக்கொண்டு எங்களை எல்லாம் பார்த்தபடி நின்றது.

சோமசேகரன் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரைக்கால் முழுக்கக் குழாயை மூடித் திறந்த மனிதர், வாயை மட்டும் திறந்து யாரும் பார்த்ததில்லை. வீடு அவருடைய தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜெண்டிடம் வாங்கியது. மஞ்சள் சுவர், ஆள் உயர ஜன்னல், மரப் பலகைக் கதவு என்று வெளியிலிருந்து பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். உள்ளே போனால் தலைக்கு மேலே தேக்கு உத்தரத்தைக் கரையான் சாப்பிடுவது கேட்கும். அங்கே நாங்கள் எல்லாம் காபியை டம்ளரின் மேலே கையை வைத்து மூடிக்கொண்டே குடித்திருக்கிறோம்.

அவர் மனைவி பங்கஜவல்லி ஆடி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிவிட்டாள். பின்கட்டு போய்விட்டதால் கட்டில் போட மிச்சமிருந்தது முன்னறை ஒன்றுதான். அந்த உத்தரம் இருப்பதும் அந்த முன்னறைக்கு மேலேதான். மழைக்கு முன்னால் உத்தரத்தை மாற்றிக் கூரையைக் கட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர சோமசேகரனுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது. கோட்டுச்சேரி தெட்சிணாமூர்த்தி கொத்தனாரைப் பேசி, வாசலில் மணல் கொட்டி, சாரத்துக்கு மூங்கிலும் இறக்கியாகிவிட்டது.

அப்போதுதான் மன்றம் வந்தது.

முழுப்பெயர், ஒயில்மிகு சிறுநகரங்கள் தேர்வு மன்றம். பெரிய ஊர்க்காரர்கள் பெரிய ஊரில் இருந்து இருந்து களைத்துப்போய், இரண்டு நாள் நாகரிகமாக மூச்சு விடச் சின்ன ஊர்களைத் தேடுகிறார்களாம். அவர்களுக்காக நாடு முழுக்கப் பத்து ஊரைப் பொறுக்குகிறார்கள். ஒன்பது முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றுக்கு எங்கள் ஊருக்கும் ஒரு மலை ஊருக்கும் போட்டி. இங்கத்திய இயக்குநர் கலைவாணன். கைத்தறிச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. நடக்கும்போதே இரண்டு கை விரல்களாலும் ஒரு சட்டம் பிடித்து அதன் வழியாகத்தான் எங்களைப் பார்ப்பார். சட்டத்துக்குள் அடங்காதவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சட்டம் எங்கள் தெருவில் வலமும் இடமும் போய்விட்டு சோமசேகரன் வீட்டு விரிசலில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"இந்த மணலை யார் இங்க கொட்டுனது?"

"நான்தாங்க," என்றார் சோமசேகரன். "மேல உத்தரம் மாத்தணும். இந்த விரிசலையும் அடைச்சுட்டா..."

"அடைக்கிறதா?" கலைவாணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சார், வெளிநாட்டுல இந்த மாதிரி ஒரு விரிசலுக்கு இருநூறு வருஷம் காத்துக்கிட்டு இருப்பாங்க. உங்களுக்குச் சும்மா கிடைச்சிருக்கு."

"சும்மா கிடைக்கலைங்க. பின்கட்டு விழுந்துச்சு."

"பாத்தீங்களா, அதுக்கு ஒரு வரலாறு வேற இருக்கு!"

மறுநாளே மணலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். விரிசலை யாரும் தொடக்கூடாது என்று கதவில் ஆணை ஒட்டினார்கள். தெட்சிணாமூர்த்தி மூங்கிலை வண்டியில் ஏற்றும்போது, "நான் சுவருக்கு வைத்தியம் பாக்குறவன். சுவத்தப் பாத்து அழுவுறவங்களுக்கு என்னத்தப் பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சோமசேகரன் மன்றத்துக்கு முறையிடப் போனார். எனக்கும் அந்தப் பக்கம் மருந்துக்கடையில் வேலை இருந்ததால் கூடப் போனேன். மருந்துக்கடை எதிர்த் திசையில் இருக்கிறது என்பதை இப்போது யாரும் பெரிதுபடுத்த வேண்டாம். கடற்கரைச் சாலையில் புதுக் கட்டடம், குளுகுளுவென்று இருந்தது. சுவரில் பொட்டு விரிசல் இல்லை.

"சார், அந்தக் கூரை என் சம்சாரம் மேல விழும்," என்றார் சோமசேகரன்.

கலைவாணன் பரிவோடு சிரித்தார். "உக்காருங்க. விழுந்த வீடு குப்பை. புது வீடு சலிப்பு. விழப்போற வீடு இருக்கு பாருங்க, அதுதான் சார் ஸ்டைல். வந்து நிக்கிறவனுக்கு நெஞ்சுல ஒரு சின்ன பயம் வரணும். அந்தப் பயத்தோட ஒரு காபி குடிக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போயிடணும்."

"நாங்க எங்கங்க போறது?"

"நீங்க ஏன் போகணும்? நீங்க இல்லாட்டி அது வெறும் கட்டடம்."

"நெசமாவே விழுந்துட்டா?"

"விழக்கூடாது," என்றார் கலைவாணன் கண்டிப்பாக. "அந்த விஷயத்துல மன்றத்தோட நிலைப்பாடு தெளிவா இருக்கு. விழுறதை நாங்க அனுமதிக்கலை."

சோமசேகரன் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். அனுமதி இல்லை என்பது எதற்கு, விழுவதற்கா கட்டுவதற்கா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தார். இரண்டுக்கும்தான் என்று நான் சொன்னேன். அப்படியானால் இடையில் இருக்கிற பங்கஜவல்லிக்கு என்ன அனுமதி என்று கேட்டார். மருந்துக்கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் நடையை எட்டிப் போட்டேன்.

பிறகு விரிசலுக்கு வாழ்வு வந்தது. மூன்று மொழியில் பெயர்ப் பலகை நட்டார்கள். கீழேயிருந்து வெளிச்சம் அடிக்கிற விளக்கு வைத்தார்கள். சிவப்புக் கயிறு கட்டினார்கள். வரிச்சிக்குடியிலிருந்து சிவநாதன் என்பவரைக் காவலராகப் போட்டார்கள். நல்ல மனிதர். வயல் வேலை இல்லாமல் வந்தவர். காலையும் மாலையும் ஏணி போட்டு ஏறி அரசங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவருக்கு முதல் கடமை.

"எங்க வயலுக்கு இந்த மாதிரி வேளாவேளைக்குத் தண்ணி வந்தா நான் ஏன் இந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு நிக்கிறேன்?" என்பார். "ஊத்த ஊத்த வேரு உள்ள எறங்குதுக்கா. கையில தெரியுது. பாவமா இருக்கு."

கன்று ஆறு இலையானது. விரிசலுக்குள் விரல் நுழைந்தது, பிறகு கை நுழைந்தது.

மன்றம் அத்தோடு விடவில்லை. தெருவின் மற்ற வீடுகளும் விரிசலுக்குத் தக்கபடி இருக்க வேண்டுமாம். உம்மு சல்மா லாத்தா வீட்டுச் சுவரில் பளபளவென்று கல் ஒட்டியிருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு, பாசி பிடிக்கட்டும் என்று தயிரும் சாணியும் கரைத்துப் பூசினார்கள்.

"எம்மவன் சவுதியில காஞ்சு கருவாடாப் போயி கட்டுன வூடு," என்று லாத்தா தெருவில் நின்று கத்தினார். "சோத்துக்கு ஊத்துற தயிர செவுத்துக்குப் பூசுறானுவோ! அல்லா கேக்க மாட்டானா?"

நான் அன்று வாய் திறக்கவில்லை. ஏனென்றால் கலைவாணன் என் வீட்டைச் சட்டத்துக்குள் பிடித்துப் பார்த்து, "இதுக்குள்ள ஒரு பழமை ஒளிஞ்சிருக்கு" என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் அந்தப் பெருமையில் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். அப்புறம் ஒளிந்திருந்த பழமையை வெளியே எடுக்க உளியோடு ஆள் வந்து என் முன்சுவரின் பூச்சைக் கொத்திவிட்டுப் போனார்கள்.

அடுத்து வீட்டுக்காரரின் முகம். சோமசேகரன் கட்டம் போட்ட லுங்கியோடு வாசலில் நின்றால் வீட்டோடு ஒத்துப்போகவில்லை என்று மன்றம் கருதியது. தெருக்கோடியில் அல்பேர் இருக்கிறார். பட்டாளத்தில் இருந்த அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை, பென்ஷன் எல்லாம் உண்டு. அவருக்கு ஓலைத் தொப்பி கொடுத்து, சோமசேகரன் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வருகிறவர்களிடம் பிரெஞ்சில் பேசச் சொன்னார்கள்.

"முசியே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"நான் வரலைன்னா யாரையாவது சினிமாக்காரனக் கொண்டாந்து ஒக்கார வெச்சுடுவானுங்கம்மா. நான் இருந்தா உள்ள படுத்திருக்குற அந்தப் பொண்ணு கூப்ட்டா ஓடலாம்ல? எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு பூரா பென்ஷன் ஆபீஸ்ல சண்ட போட்ட பிரெஞ்சு. அதத்தான் சிரிச்சிக்கிட்டே பேசுறேன். எவனுக்குத் தெரியும்?"

சோமசேகரன் தன் வீட்டுக்குள் போக வர, பின் சந்து வழியாக, இடிந்து கிடந்த பின்கட்டின் மேல் ஏறி இறங்கினார். கையில் மனைவிக்கு வாங்கிய இட்லிப் பொட்டலம் இருக்கும். செங்கல் மேல் தடுமாறும்போதும் பொட்டலத்தை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

மதிப்பீட்டாளர்கள் டெல்லியிலிருந்து வரும் நாள் அறிவிக்கப்பட்டது. ஐப்பசி நடுவில். தெருக்காரர்களைக் கூட்டி கலைவாணன் சொன்னார்: "அக்டோபர் கடைசியிலதான் பருவம் தொடங்குது. வெயில் இதமா இருக்கும். வானம் நீலமா இருக்கும்."

"எங்கங்க?" என்றார் உம்மு சல்மா லாத்தா.

"எல்லா இடத்துலயும்தான். சுற்றறிக்கையில போட்டிருக்கு."

டெல்லிக்கு ஐப்பசி என்றால் இளவெயிலும் நீல வானமும். எங்களுக்கு அது கடலும் வானமும் சேர்ந்து வீட்டுக்குள் வருகிற மாதம். கிளிஞ்சல்மேட்டில் படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிட்டார்கள். சோமசேகரன் அங்கே போய், படகு மூடுகிற பழைய நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, தானே கூரைமேல் ஏறிக் கட்டினார். மறுநாள் காலை சிவநாதன் அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. நீலம் கூடாதாம்."

சோமசேகரன் கலைவாணனிடம் ஓடினார். தூறலில் குடை பிடித்தபடி கலைவாணன் விளக்கினார்: "வானம் நீலமா இருக்கும்போது கூரையும் நீலமா இருந்தா ரெண்டும் மோதும் சார். சங்கு வெள்ளையில கிடைச்சா விண்ணப்பிச்சுப் பாருங்க."

"பாய் வேணாங்க. அவளை மட்டும் அஞ்சுகம் வீட்டுக்கு மாத்திக்கிறேன். கட்டிலு பின்பக்கம் போவாது. வாசல் கயித்தக் கொஞ்சம் அவுத்து விட்டீங்கன்னா போதும்."

அஞ்சுகம் என்பது நான்தான். என் கூடத்தை ஏற்கெனவே ஒழித்து வைத்திருந்தேன்.

கலைவாணன் ஜன்னல் வழியாக உள்ளே சட்டம் பிடித்தார். கொசுவலைக்குள் பங்கஜவல்லியின் கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "அந்த வெள்ளை வலை. அந்தக் கை. அதுக்குள்ள ஒரு கதை இருக்கு. அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும் இருக்கட்டுமே!"

சோமசேகரன் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் குனிய ஆரம்பித்ததைப் பார்த்து எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து பங்கஜவல்லியின் குரல் வந்தது. "என்னங்க, நிமிந்து நில்லுங்க. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நான் செத்தா என்ன கலர்ல துணி போத்தணும்னு இப்பவே சொல்லிடச் சொல்லுங்க. அப்புறம் அதையும் அவுத்துடப் போறாங்க."

கலைவாணன் அதை நிஜமாகவே யோசித்தார். "சங்கு வெள்ளைதான்," என்றார்.

குறித்த நாள் வந்தது. பொழுது விடிந்ததா என்பதே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். டெல்லியிலிருந்து வந்த மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குடைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கலைவாணன் ஒலிபெருக்கியில் வரவேற்றுக்கொண்டிருந்தார்: "இங்கே காலம் நின்றுவிட்டது! இங்கே எதுவும் மாறவில்லை! மாற விடவும் மாட்டோம்!"

அந்த நேரத்தில் மேலே 'டக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்தது.

ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். கொசுவலையின் மேல் சுண்ணாம்புக் கட்டிகள் விழுந்து, வலை தொட்டில்போலத் தொங்கியது. உள்ளே பங்கஜவல்லி, "என்னங்க!" என்றாள். ஒரே தடவை.

வாசல் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக சோமசேகரன் வெளியே வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். சிவப்புக் கயிற்றைக் காலால் எற்றினார். பிறகு, காரைக்கால் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் அந்த மனிதரிடமிருந்து வந்தது. அது இத்தனை வருஷம் எங்கே இருந்ததோ!

"தூக்குங்கடா!"

அல்பேர் தொப்பியை வீசிவிட்டு உள்ளே ஓடினார். சிவநாதன் தண்ணீர்ச் செம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கட்டிலின் நாலாவது காலை உம்மு சல்மா லாத்தா பிடித்தார். "யா அல்லா, யா அல்லா" என்றபடி, கொசுவலையோடு, சுண்ணாம்போடு, தண்ணீரில் கட்டிலை இறக்கிக் கடந்து வந்தார்கள். நான் குடை பிடித்தேன். யாருக்குப் பிடித்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. பங்கஜவல்லி வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டெல்லிக்காரர்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். மூன்று பேரும் படம் எடுத்துத் தள்ளினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஊர்வலம் தினமும் நடக்குமா என்று கலைவாணனைக் கேட்டாள்.

"வாரக் கடைசியில மட்டும்," என்றார் கலைவாணன்.

என் கூடத்தில் கட்டிலை வைத்துவிட்டு நிமிரவில்லை, அந்தப் பக்கம் கூரை இறங்கியது. உத்தரம், ஓடு, தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரம், எல்லாம் சேர்ந்து ஒரு பெருமூச்சு மாதிரி விழுந்தது. மழையிலும் தூசி எழும்பியது. பங்கஜவல்லி படுத்திருந்த இடத்தில் உத்தரம் குறுக்கே கிடந்தது. சோமசேகரன் என் வாசற்படியில் நின்று அதையே பார்த்தார். சத்தம் எல்லாம் முன்னமே செலவாகிவிட்டதுபோல வாய் மட்டும் அசைந்தது.

முன்சுவர் மட்டும் விழவில்லை. விரிசலோடும் அரசங்கன்றோடும் அப்படியே நின்றது.

கலைவாணன் தண்ணீரில் நடந்து போய் விரல் சட்டத்தை உயர்த்தினார். "பாருங்க!" என்று கத்தினார். "இப்ப ஜன்னல் வழியா வானம் தெரியுது!"

எங்கள் ஊர் தேர்வாகிவிட்டது. மலை ஊரில் அப்படிப்பட்ட ஜன்னல் இல்லையாம்.

இப்போது தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு. பார்வையாளர்கள் முன்பக்கம் வரலாம், நாங்கள் பின் சந்தில் போக வேண்டும். சிமெண்ட், மணல், கொத்தனார் எதுவும் தெருவுக்குள் நுழையக் கூடாது. சோமசேகரன் ஒருநாள் மனைவியின் ஊன்றுகோலைத் தேடி எடுக்கலாம் என்று தன் வீட்டு வாசலுக்குப் போனார். தடுப்பில் நின்ற புதுக் காவலாளி, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டான்.

"இந்த ஊருதான் தம்பி."

"உள்ளூர்க்காரங்களுக்கு அனுமதி இல்லைங்க."

அவர் திரும்பி வந்து மனைவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். பங்கஜவல்லி எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஆனால் அவள் பார்வை என் கூடத்துச் சுவரின் மேலேயே நின்றது.

"அஞ்சுகம், அங்க மேல பாரேன். ஒரு கோடு தெரியுதுல்ல?"

பார்த்தேன். முன்சுவரின் பூச்சைக் கொத்திவிட்டுப் போனார்கள் அல்லவா, அந்த வழியாக ஐப்பசித் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. தலைமுடி அளவுக்குத்தான். ஓடிப் போய் அவள் வாயைப் பொத்தினேன்.

"சத்தமாப் பேசாத. தெருவுல அந்தாளு சட்டத்தப் புடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டிருக்கான்."

முருகன் படம் போட்ட நாட்காட்டியை அதன்மேல் மாட்டினேன். ஒரு வாரத்தில் கோடு முருகனின் வேலுக்குக் கீழே எட்டிப் பார்த்தது. சோமசேகரன் அன்று சாப்பிடவில்லை. "இன்னொரு தடவ அவளத் தூக்க முடியாது அஞ்சுகம்," என்று மட்டும் சொன்னார். அப்புறம் அல்பேர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்.

சனிக்கிழமை காலை. தெரு நிறையப் பார்வையாளர்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மெதுவாக நடந்து வந்தார். அல்பேரின் ஓலைத் தொப்பி, அல்பேரின் பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. தோளில் கனமான படப்பெட்டிப் பை. தடுப்பில் அன்றைக்குச் சிவநாதன் முறை. அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். வரிச்சிக்குடிக்காரருக்குக் கோட்டுச்சேரிக்காரரைத் தெரியாதா?

"போன்ழூர்," என்றார் தெட்சிணாமூர்த்தி.

சிவநாதன் விறைத்து நின்று சலாம் வைத்தார். வைத்துவிட்டு, உதடு அசையாமல், "தொப்பிய நேரா போடுங்கண்ணே. பையில கரண்டி நீட்டிக்கிட்டு இருக்கு," என்றார்.

தெட்சிணாமூர்த்தி என் வாசலுக்கு வந்தார். சற்றுத் தள்ளி கலைவாணன் யாருக்கோ ஜன்னல் வழியாக வானம் காட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் உள்ளே வந்து, நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்து, தலையைப் பின்னால் சாய்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஆகா! என்ன அழகு! என்ன அழகு!"

வெளியே கலைவாணன் பெருமையோடு தலையசைத்தார்.

தெட்சிணாமூர்த்தி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பங்கஜவல்லி மடியில் வைத்தார்.

"இட்லி மாவுச் சட்டி பெருசா ஒண்ணு குடுங்கக்கா," என்றார் என்னிடம். "சிமெண்ட் கலக்கணும்."